நூற்றில் நான்கு ரூபாய்

குளச்சல் கடற்கரைக்கு அருகே, ஓலை வேய்ந்த ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகையில், நாற்பது வருஷமாகக் கடலோடு மல்லுக்கட்டி ஜீவனம் நடத்திவரும் ஒரு வள்ளக்காரரின் பக்கத்தில் ஒரு நாள் பிற்பகல் நான் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு ஒரு பழைய சாக்கின்மேல் வரிசையாக வைக்கப்பட்டன. பிஸ்டன் கடைசியாக வந்தது. அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஆணியால் கீறியதுபோன்ற ஆழமான கோடுகள்; விரிந்து சுருங்கி அசையவேண்டிய இரண்டு ரிங்குகளும் கரியும் பிசினும் சேர்ந்து தத்தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு, திருப்புளியின் முனையால் நெம்பியும் அசைந்துகொடுக்கவில்லை.

"அண்ணே, என்ன ஆயிலு ஊத்துனீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"கடையில கேன்ல இருந்து அளந்து தாறதுதான், தம்பி. நல்ல நீலமாத்தான் இருந்துச்சு."

மெக்கானிக் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. பிஸ்டனைச் சாக்கின்மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

'நீலமாத்தான் இருந்துச்சு' என்ற அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. நீலமோ பச்சையோ, எண்ணெய்க்கு வர்ணம் சேர்ப்பது, அதைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கலந்தாயிற்றா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்வதற்கே அன்றி, அதன் தரத்தைக் காட்டுவதற்கு அன்று. சாயத்தை யாரும் வாங்கலாம்; எந்த எண்ணெயிலும் கரைக்கலாம். கழிவு எண்ணெயைக்கூட வடிகட்டி நிறமேற்றி விற்க முடியும். ஆகவே நிறத்தை நம்பி வாங்குகிறவர் எதையுமே பரீக்ஷித்து வாங்கியவர் ஆகமாட்டார்.

வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இந்த எண்ணெய் எவ்வளவு அவசியம் என்பதை உணர, அந்த யந்திரத்தின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். கார் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி ஒன்று உண்டு. அதிலிருந்து பம்பு எண்ணெயை இறைத்து எல்லாப் பாகங்களுக்கும் அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் மறுபடியும் தொட்டிக்கே திரும்பும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு தொட்டிக்கு இடமே இல்லை. எரிபொருளும் காற்றும் கலந்த ஆவி கிராங்க் இருக்கும் அறைக்குள்ளேயே முதலில் புகுந்து, அங்கிருந்துதான் மேலே எரியுமிடத்துக்குப் போகிறது என்பதால், அந்த எரிபொருளோடு கலந்து வரும் துளி எண்ணெய்தான், போகிற வழியில் பேரிங்குகளையும் சிலிண்டரின் சுவரையும் ஈரப்படுத்தி, உராய்வைத் தடுத்து, பிறகு தானும் எரிந்துபோகிறது. ஒரு தடவை வந்து, ஒரு தடவை உழைத்து, எரிந்து மறைகிற எண்ணெய் அது. எரிந்தபின் சாம்பல் வைக்காமல் போகவேண்டும் என்பதே அதனிடம் நாம் எதிர்பார்க்கும் முக்கிய குணம்.

கார் எண்ணெயை இதில் ஊற்றக்கூடாது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. காருக்கான எண்ணெயில் கால்சியம், துத்தநாகம் முதலிய உலோகங்கள் கலந்த சேர்மானங்கள் உண்டு. அவை தொட்டியில் சுழன்றுகொண்டிருக்கும்வரை நன்மையே செய்யும். எரிந்தாலோ சாம்பலாகிப் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். ஆட்டோவுக்கும் பழைய ஸ்கூட்டருக்கும் விற்கும் 'டூ-டி ஆயில்' டூ-ஸ்ட்ரோக்குக்காகவே செய்யப்பட்டதுதான் என்றாலும், காற்றினால் குளிரும், மிகுந்த சூடேறும் எஞ்சினுக்காக அளவிடப்பட்டது. கடல் மோட்டாரோ உப்புத் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்துகொண்டு, மணிக்கணக்காக முழு வேகத்தில் ஒரே சீராக ஓடுவது. ஈரமும் உப்பும் அதன் நித்திய சகவாசம். அதனால் அதற்கென்று தனிப் பிரமாணம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் படகுத் தொழில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 'டிசி-டபிள்யூ3' என்பதே அது. சாம்பல் வைக்காமை, ரிங்கு ஒட்டாமை, துருப்பிடிக்காமல் காத்தல், எரிபொருளோடு எளிதில் கலத்தல் ஆகிய சோதனைகளில் தேறிய எண்ணெய்க்கே அந்தப் பெயர் தரப்படுகிறது. தேறிய டப்பாவில் அந்த எழுத்துகளோடு, 'ஆர்எல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். கடையில் நின்று முதலில் தேடவேண்டியது இந்த இரண்டைத்தான். நிறத்தையும் அல்ல, டப்பாவில் வரைந்திருக்கும் அலையையும் படகையும் அல்ல.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு இது இன்னும் முக்கியம். பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குமுன் மறுபடியும் பெட்ரோலுக்குத் திருப்புவது கன்னியாகுமரிக் கரையில் சிறுவர்களுக்கும் தெரிந்த வழக்கம். மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் சுலபமாக ஆவியாவதில்லை. அதனால் கரி அதிகம். ஏற்கெனவே கரி படிகிற இடத்தில் சாம்பல் வைக்கும் எண்ணெயையும் சேர்த்து ஊற்றினால் ரிங்கு ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இனி அளவைப் பற்றி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டு வாக்கில் வெளிப்பொருத்தும் மோட்டாரை வியாபாரமாகத் தொடங்கிய காலந்தொட்டு வெகுகாலம், எண்ணெயைத் தாராளமாகக் கலப்பதே முறையாக இருந்தது. ஊசி பேரிங்குகள் வந்து, எண்ணெயின் தரமும் உயர்ந்தபின், 1960-களில், ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்ற அளவு பரவலாயிற்று. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 1980-களில் அமெரிக்க உற்பத்தியாளர் ஒருவர் நூறுக்கு ஒன்று போதும் என்று அறிவித்து, சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மோட்டார்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவுக்கே திரும்ப நேர்ந்தது. எஞ்சினைப் படைத்தவர்களுக்கே கைகூடாத அந்தச் சிக்கனத்தைக் கரையில் நின்று நாம் நம்முடைய மோட்டாரில் பரீக்ஷித்துப் பார்ப்பது விவேகம் ஆகாது. புது மோட்டாருக்கு முதல் சில மணி நேரம், பல தயாரிப்புகளில் பத்து மணி நேரம், இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 40 மில்லி, கலக்கச் சொல்வார்கள். உங்கள் மோட்டாருக்குரிய அளவு அதனுடன் வந்த கையேட்டில் இருக்கிறது, அதுவே பிரமாணம். அளவுக்கு மூடியையும் டம்ளரையும் நம்பாமல், கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வைத்துக்கொண்டு, கேனில் பாதி எரிபொருள் விட்டு, எண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றவேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கவேண்டும். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால் எண்ணெய் மிகுதி என்று சந்தேகிக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, உடனே மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

இவ்வளவும் அறிந்தும் மீனவர் சில்லறை எண்ணெயை நாடுவதன் காரணம் விலைதான். அதை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். கணக்கைப் பார்ப்போம். நல்ல எண்ணெயின் விலை எரிபொருளின் விலையைப்போல் நான்கு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு ஒன்று கலக்கிறபோது, எரிபொருளுக்கு 100 ரூபாய் செலவழிக்கிறவர் எண்ணெய்க்கு 8 ரூபாய் செலவழிக்கிறார். பாதி விலைக்குச் சில்லறை எண்ணெய் வாங்கினால் மிஞ்சுவது 4 ரூபாய். நல்ல எண்ணெயையே பாதி அளவு கலந்தாலும் மிஞ்சுவது அதே 4 ரூபாய். நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்கு எரிபொருள் போடுகிற வள்ளத்தில் அது 100 ரூபாய் ஆகும். மீன் படாத நாளில் அந்த நூறு ரூபாய் ஒரு வீட்டின் அரிசி என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த நூறு ரூபாய்க்காக நாம் பணயம் வைப்பது பிஸ்டனை, ரிங்கை, பேரிங்கை, சிலிண்டரை மட்டும் அல்ல. மோட்டார் கொட்டகையில் கிடக்கும் நாட்களின் வருமானத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் காற்று மாறும் வேளையில் மோட்டார் நின்றுபோனால் வள்ளத்தில் இருக்கிறவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறோம். செலவில் மிகச் சிறியதும், குறைத்தால் மிகப் பெரிய நஷ்டம் தருவதும் இந்த ஒன்றுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்காக மோட்டார் கம்பெனியின் பெயர் பொறித்த விலையுயர்ந்த எண்ணெயையே வாங்கித் தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல கையேடுகள் தங்கள் எண்ணெயின் பெயரைச் சொல்லிவிட்டு, 'அல்லது அதற்கு இணையான டிசி-டபிள்யூ3 எண்ணெய்' என்று கூடவே எழுதியிருக்கின்றன. அப்படி எழுதியிருந்தால், பிரமாணத்தில் தேறிய எந்த எண்ணெயும் போதுமானது. சிக்கனம் செய்ய நியாயமான வழி இதுதான். 'எங்கள் எண்ணெயையும் சேர்த்து வாங்கினால்தான் மோட்டார் தருவோம்' என்று ஒரு விற்பனையாளர் நிர்ப்பந்தித்தால் பணியவேண்டியதில்லை; ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளை வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தடைசெய்யத்தக்க வியாபார முறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

கழிவு எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். லாரியிலிருந்தும் டிராக்டரிலிருந்தும் வடித்த பழைய எண்ணெயில் உலோகத் துகள்களும், தோலுக்கும் நுரையீரலுக்கும் தீங்கு செய்யும் எரிபொருட்களின் எச்சங்களும் இருக்கும். அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, அது அனுமதி பெற்றவர்களிடமே போய்ச் சேரவேண்டும். சில்லறைக் கடைக்கு வரக்கூடாது. அதை மோட்டாரில் எரிக்கும்போது கிளம்பும் புகையை முதலில் சுவாசிக்கிறவர் பின்னணியத்தில் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்திருக்கிறவர்தான். எரியாமல் தங்கியது கடலில், நம்முடைய மீன் வாழும் தண்ணீரில், கலக்கிறது.

அடைத்த டப்பாவில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும் வருஷமும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையும், புகார் சொல்லவேண்டிய முகவரியும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். அச்சிட்ட விலைக்குமேல் கேட்பது குற்றம். தமிழ்நாட்டில் எடை அளவுச் சட்டத்தை நடத்துகிறது தொழிலாளர் துறை. அளவு குறைந்தாலும் விலை மிகுந்தாலும் அங்கே எழுதலாம். கேட்டும் பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வியாபார முறையாகும். கேனிலிருந்து அளந்து கொடுக்கும் எண்ணெய்க்கு இவற்றில் எந்தச் சாட்சியமும் இருப்பதில்லை. கொட்டகையில் நான் கண்ட வள்ளக்காரருக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுவே: பிஸ்டன் போயிற்று, அதைக் கேட்பதற்கான ஆதாரமும் கையில் இல்லை.

ஆதாரம் இருக்கிறவருக்கு வழி இருக்கிறது. 'நீ மீன் பிடித்து விற்கிற வியாபாரி, உனக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது' என்று சிலர் சொல்லக்கூடும், அது தவறு. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வியாபார நோக்கத்துக்காக வாங்குகிறவரை விலக்கினாலும், சுயதொழில் செய்து ஜீவிப்பதற்காகவே வாங்கி உபயோகிக்கிறவரை நுகர்வோராகவே ஏற்கிறது. 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோரே என்றும், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொள்வதாலேயே அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொல்லிற்று. தானே கடலுக்குப் போகிற வள்ளக்காரருக்கு இந்த நியாயம் அப்படியே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். பல வள்ளங்களைக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுகிற முதலாளிக்கு இது எளிதாகப் பொருந்தாது.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். முதலில் அங்கே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். குமரி மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஒரே கடை எண்ணெயால் பலருக்கு நஷ்டம் என்றால், அனுமதி பெற்று ஒருவர் எல்லோருக்குமாகக் கேட்கலாம். பொருளில் குறை உண்டா என்பது பரிசோதனையால்தான் தெரியும் என்றால், ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியும். அனுப்புவதற்கு எண்ணெய் மீதி இருக்கவேண்டுமே! ஆகவே மீனவச் சகோதரர்களை நான் கேட்டுக்கொள்வது இது: எண்ணெய் வாங்கும்போதெல்லாம் பில் கேளுங்கள்; டப்பாவில் கடைசி நூறு மில்லியை ஊற்றிவிடாமல், மூடியை இறுக்கி, பில்லோடு சேர்த்து, அடுத்த டப்பா முடியும்வரை வீட்டில் வையுங்கள். மோட்டார் நின்றுபோனால், அதைப் பிரிக்கிற மெக்கானிக்கிடம், என்ன கண்டார் என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேரவேண்டும்.