மரங்கள் துளிர்ப்பதற்குள்

இங்கிலாந்தில் ஜனவரிக் கடைசியில் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் குறைவு. ஓக்கும் பீச்சும் இலையின்றி நிற்கும். மண் இரவில் உறைந்து, பகலில் சேறாகும். அந்த மண்ணைக் கீறிக்கொண்டு ஸ்னோடிராப் தலைகாட்டுகிறது. ஒரு சாண் உயரம்கூட இராது. தண்டு நுனியில் கவிழ்ந்து தொங்கும் ஒற்றை வெள்ளைப் பூ. அதையொட்டி மஞ்சள் எராந்திஸ், இளம் ஊதாக் குரோக்கஸ், பிறகு நீலச் சில்லா என்று மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தச் சின்னஞ்சிறு செடிகளிடம் எனக்குப் பெரிதாகப் படுவது அவற்றின் காலக் கணக்கு. அது பிடிபட்டவருக்கு வளர்ப்பு முறையில் முக்கால்வாசி தானே விளங்கிவிடும்.

இவற்றில் பல, இலையுதிர் காடுகளின் தரைச்செடிகள். ஏப்ரல் கடைசியில் மரங்கள் துளிர்த்து, மே மாதத்தில் தலைக்கு மேல் பச்சை மூடிக்கொண்டால் தரைக்கு இறங்கும் வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும். மொட்டைக் கிளைகளின் ஊடாக வரும் வெயில் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் இலைவிட்டு, பூத்து, விதை கட்டி, அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வைத்தாக வேண்டும். ஜூனில் போய்த் தேடினால் மண்ணுக்கு மேல் இவை இருந்த சுவடே இருக்காது.

இவ்வளவு அவசரத்துக்கு ஈடுகொடுப்பது மண்ணுக்குள் இருக்கும் குமிழம். சமையலறை வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடியில் தட்டையாக ஒரு தண்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றான இலைகள், நடுவில் குருத்து. ஸ்னோடிராப்பும் இதே அமைப்புதான். வெங்காயமும் அதுவும் அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பம். பிப்ரவரியில் விரியும் பூவின் மொட்டு, முந்தைய கோடையிலேயே அந்தக் குமிழத்துக்குள் உருவாகிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் மண் ஈரமானதும் வேர் இறங்கும். பயணத்துக்கு முதல் நாளே கட்டிவைத்த கட்டுச்சோறு போல எல்லாம் உள்ளே தயாராக இருக்க, வெளியே வரும் வேளை மட்டும் பாக்கி.

அந்த வேளையைச் சொல்வது குளிர். பல வாரங்கள் தொடர்ந்து குளிர்பட்டால்தான் பூந்தண்டு ஒழுங்காக நீளும். சென்னையிலோ மதுரையிலோ இவற்றைத் தொட்டியில் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை என்பது இதனால்தான். நம் வீட்டு வாசலில் இதே குடும்பத்து உறவு ஒன்று இருக்கிறது: மழை லில்லி. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த அது, வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்த சில நாட்களில் திடீரென்று பூத்து நிற்கும். ஒன்றுக்குக் குளிர், மற்றதற்கு மழை. உள்ளே மொட்டை ஒளித்துவைத்துக் காத்திருப்பது இரண்டுக்கும் பொது.

ஸ்னோடிராப் பூவைக் குனிந்து, விரலால் நிமிர்த்திப் பார்க்க வேண்டும். வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள். உள்ளே மூன்று குட்டை இதழ்கள், அவற்றில் பச்சைக் குறி. பூ கவிழ்ந்திருப்பதால் மகரந்தம் மழையிலும் பனியிலும் நனைவதில்லை. வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸைத் தொடும்போது வெளி இதழ்கள் அகல விரியும். தேனீயும் பம்பிள் வண்டும் பறக்கத் துணிவது ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான். வண்டு வராத நாளில் பூ மூடியே கிடக்கும். பிப்ரவரியில் எத்தனை நாள் வண்டு வரும் என்று சொல்ல முடியாததால் ஒரே பூ வாரக்கணக்கில் வாடாமல் காத்திருக்கிறது. கடும் உறைபனி இரவில் செடி துவண்டு தரையில் படுத்துவிடும். புதிதாக வளர்ப்பவர் போயிற்று என்று நினைப்பார். வெயில் ஏறியதும் நிமிர்ந்து நிற்கும்.

காய் முற்றியதும் தண்டு தரையில் சாயும். ஒவ்வொரு விதையிலும் கொழுப்புச்சத்துள்ள சிறு ஒட்டு ஒன்று உண்டு. எறும்புகள் அதற்காகவே விதையை இழுத்துப்போய், ஒட்டைத் தின்றுவிட்டு விதையை அப்படியே போட்டுவிடும். நட்ட இடத்திலிருந்து சில அடி தள்ளி ஒரு செடி முளைத்தால் நட்டது எறும்பு. ஆனால் விதையிலிருந்து பூ காணச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

இனி நடவு. இலையுதிர் மரத்தின் அடியோ புதர்ச்செடியின் ஓரமோ நல்ல இடம். மட்கிய இலை கலந்த, முழுக்கக் காயாத, நீர் தேங்காத மண் வேண்டும். குமிழத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. செப்டம்பரும் அக்டோபரும் நடவு மாதங்கள். குரோக்கஸுக்கும் சில்லாவுக்கும் இது போதும். ஸ்னோடிராப்பின் குமிழம் காய்ந்தால் பிழைப்பது கடினம். ஆகவே பூத்து முடிந்ததும், இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தாகத் தோண்டிப் பிரித்து, வேர் காயுமுன் மறுபடி நடுவதை இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பலர் விரும்புகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை இப்படிப் பிரித்தால் நெரிசலில் பூ குறைவதும் நிற்கும். எராந்திஸுக்குக் குமிழம் கிடையாது, கரடுமுரடான சிறு கிழங்குதான். கடையில் காய்ந்து கிடைத்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நடுங்கள்.

குரோக்கஸில் ஒரு விந்தை. குமிழத்துக்குப் பதிலாக அதற்கு மண்ணுக்குள் இருக்கும் பருத்த தண்டான கந்தம் ஆண்டுதோறும் புதுப்பிறவி எடுக்கும். பழையது சுருங்கி மடிய, அதன் தலைமேல் புதியது பருக்கும். இப்படியே போனால் சில ஆண்டுகளில் மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டுமே? வருவதில்லை. தடித்த, சுருங்கும் வேர்கள் சில தோன்றி, மண்ணைப் பற்றிக்கொண்டு தாமே குறுகி, புதுக் கந்தத்தைக் கீழே இழுத்துவிடுகின்றன. நாம் மேலாக நட்டுவிட்டாலும் தனக்கு வேண்டிய ஆழத்தை நோக்கி அது தானே இறங்கும்.

நட்டவர் செய்யக்கூடிய பெருங்கேடு ஒன்று உண்டு: பூ உதிர்ந்ததும் தோட்டம் அலங்கோலமாகத் தெரிகிறதே என்று இலையை அறுப்பது. அடுத்த ஆண்டின் மொட்டு அந்த இலை இப்போது சேர்க்கும் உணவில்தான் உருவாகிறது. புல்வெளியில் நட்டிருந்தால் பூ முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது அந்தப் பகுதியில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். இலை தானே மஞ்சளாகிச் சாயட்டும். அந்த அலங்கோலம் எனக்கு அழகாகவே தெரிகிறது.

ஸ்னோடிராப் பிரிட்டனின் சொந்தப் பூ என்று அங்கேயே பலர் நம்புகிறார்கள். தாவரவியலாளர் பெரும்பாலோர் கருத்தில் அது ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்து, பிறகு காட்டில் பரவியது. 1874-இல் ஹென்றி ஜான் எல்விஸ் துருக்கியில் ஸ்மிர்னாவுக்கு அருகே பெரிய பூ விடும் ஓரினத்தைக் கண்டார்; அது அவர் பெயரையே தாங்குகிறது. குளோஸ்டர்ஷயரின் கோல்ஸ்போர்னில் உள்ள அவரது தோட்டத்தைப் பார்க்க இன்றும் பிப்ரவரியில் கூட்டம் போகிறது. பச்சைக் குறி சற்று மாறினால், மஞ்சளானால், புது வகையென்று பெயர் வைத்துவிடுவார்கள். 2015-இல் ‘கோல்டன் ஃபிளீஸ்’ என்ற வகையின் ஒரே குமிழம் 1,390 பவுண்டுக்கு ஏலம்போனது.

வெங்காயத்தின் உறவு என்று யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது, ஸ்னோடிராப் நஞ்சு. ஆனால் அதிலுள்ள காலன்டமின் என்ற வேதிப்பொருள் மருந்தும்கூட. 1950-களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர்கள் காகசஸ் பகுதி ஸ்னோடிராப் இனமொன்றில் அதைப் பிரித்தெடுத்தார்கள். நரம்புகளிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைவதை அது தாமதப்படுத்துகிறது. அல்சைமர் நோயாளிகளின் நினைவுத் தேய்வைச் சற்றே தணிக்கும் மருந்தாக அமெரிக்கா 2001-இல் அதை ஏற்றது. இப்போது ஆய்வுக்கூடத்திலும் தயாராகிறது. டாஃபடில் செடியிலிருந்தும் எடுக்கிறார்கள்.

துருக்கியின் மலைச்சரிவுகளிலிருந்து ஸ்னோடிராப்பைக் கோடிக்கணக்கில் தோண்டி ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அதனால் 1990 முதல் எல்லா ஸ்னோடிராப் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதியில்லாமல் நாடு தாண்ட முடியாது. கடையில் வாங்குகிறவர் தோட்டத்தில் பெருக்கியதா, காட்டில் தோண்டியதா என்று கேட்டே வாங்க வேண்டும். பக்கத்து வீட்டில் கொத்தாகப் பூத்திருந்தால் இன்னும் நல்லது: மார்ச்சில், இலை பச்சையாக இருக்கும்போது, ஒரு பிடி மண்ணோடு கேட்டு வாங்குங்கள், அன்றைக்கே நட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள்.