சூனியக்காரி கொடுத்த தேநீர்

"சூனியக்காரி" என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? கூம்புத் தொப்பி, வளைந்த மூக்கு, துடைப்பத்தின் மேல் சவாரி, கொதிக்கும் அண்டாவில் தவளைக்கால்... குழந்தைகளின் படக்கதைகள் நமக்குக் காட்டியது இதைத்தான். ஆனால் இன்றைக்கு இங்கிலாந்தில் எத்தனையோ பெண்கள் "நான் ஒரு விட்ச்" என்று தாங்களாகவே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களும் ஆபீசுக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள், மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அண்டாவுக்குப் பதில் அவர்கள் சமையலறையில் கொதிப்பது டீ கெட்டில்!

அந்தக் கெட்டிலில் இருப்பது என்ன? அதில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது எது, கிட்டவே சேர்க்கக் கூடாதது எது? பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

யார் இவர்கள்?

இந்தப் புதிய மார்க்கத்துக்கு "விக்கா" என்று பெயர். இதை உலகுக்குத் தெரியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் (1884-1964). 1900-ம் வருஷம், சின்னப் பையனாக இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். நம் தமிழ்ச் சகோதரிகள் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்த அந்த மலைநாடுதான்! பிறகு மலாயாவில் சுங்க இலாகாவில் வேலை செய்து, 1936-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

அதுவரை இங்கிலாந்தில் 1735-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. மந்திரசக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதே குற்றம் என்றது அது. 1951-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1954-ல் கார்ட்னர் தம் புத்தகத்தை வெளியிட்டார். தொன்றுதொட்டு ரகசியமாக வந்த மதம் இது என்றார் அவர். ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பழைய துண்டுகளைச் சேர்த்துத் தைத்த புதுச் சட்டை என்கிறார்கள். சட்டை புதிதானாலும் போட்டுக்கொள்ள ஆள் இருக்கிறதே! 2021-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் தங்கள் மதம் "விக்கா" என்று எழுதியவர்கள் சுமார் 13,000 பேர். "பேகன்" என்று பொதுப்படையாக எழுதியவர்கள் 74,000 பேர்.

அந்தப் பெயரின் கதை

இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இதே பெயர் ஒரு காலத்தில் தூக்குக் கயிறு. 1612 மார்ச்சில் லங்காஷயரில் ஓர் ஏழைப் பெண், தெருவில் போன வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. இன்று நாம் பக்கவாதம் என்போம். அன்று செய்வினை என்றார்கள். அவள் குடும்பம், அக்கம்பக்கம் என்று வழக்கு வளர்ந்து, அந்த ஆகஸ்டில் லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். எட்டுப் பேர் பெண்கள்.

வெள்ளைக்காரர் ஊர்க் கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. நம் நாட்டிலேயே பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும், பெண்களை "டாயன்" அதாவது சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ, தன்னைப் போன்ற பெண்களுக்காகப் போராடி 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு பெயர் ஓரிடத்தில் அலங்காரம், இன்னோரிடத்தில் ஆபத்து! இந்தப் பெயரை வைத்து யாரையும் சட்டென்று எடை போடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அன்றாடம் என்ன செய்கிறார்கள்?

என் நாத்தனார் பெண் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. அவள் பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தன்னை "கிச்சன் விட்ச்" என்று சொல்லிக்கொள்கிறாராம்.

"முதல்ல பயமாத்தான் இருந்தது அத்தை. போய்ப் பார்த்தா நம்ம பாட்டி வீடு மாதிரியே இருக்கு. உத்தரத்துல கட்டுக்கட்டா இலை காயுது, வாசல்ல துடைப்பம் சார்த்தியிருக்கு, ஜன்னல்ல கிண்ணத்துல உப்பு!" என்றாள் போனில்.

அவள் சொல்லியும் நான் படித்தும் தெரிந்துகொண்டது இது. அவர்களுக்கு வருஷத்தில் எட்டுப் பண்டிகை. சூரியனின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி வரும் அவற்றில், அக்டோபர் 31 முன்னோர்களை நினைக்கும் நாள். பௌர்ணமி, அமாவாசை கணக்கும் உண்டு. அன்றாடச் சடங்கு என்றால் சின்னச் சின்னக் காரியங்கள்தான். காலையில் ஜன்னலைத் திறந்து வீட்டைப் பெருக்கும்போது, நேற்றைய மனஸ்தாபத்தையும் சேர்த்துப் பெருக்குவதாக நினைத்துக்கொள்வார்கள். டீயைக் கலக்கும்போது, நல்லது வரவேண்டுமென்றால் வலஞ்சுழியாக. கெட்டது போகவேண்டுமென்றால் இடஞ்சுழியாக. குடிப்பதற்கு முன் கோப்பையை இரு கையாலும் பிடித்து, இன்றைக்கு எனக்கு வேண்டியது என்ன என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். செய்ததையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான் மந்திரம்!

மூன்று எளிய தேநீர்கள்

இவர்கள் அதிகம் குடிப்பவை மூன்று. மூன்றுமே தேயிலை சேராதவை. நம்மூர்ப் பெரிய கடைகளிலும் பாக்கெட்டில் கிடைக்கின்றன.

சீமைச் சாமந்தி (கேமமைல்): அமைதிக்கும் தூக்கத்துக்கும். ஒரு சிறிய கப் (150 மி.லி.) கொதிநீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உலர்ந்த பூவைப் போட்டு, தட்டால் மூடி, பத்து நிமிஷம் கழித்து வடிகட்டவும். மூடுவது முக்கியம், பூவின் சத்தான எண்ணெய் ஆவியோடு போய்விடும். நம் சாமந்தியும் இதுவும் ஒரே குடும்பம். சாமந்திப் பூ தொட்டால் தும்மல், தடிப்பு வருகிறவர்களுக்கு இது ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடக் கூடாது.

பெப்பர்மின்ட்: நம் புதினாவுக்கு அக்கா முறை. சாப்பாட்டுக்குப் பின் வரும் வயிற்றுப் பொருமலுக்கு நல்லது. உலர்ந்த இலை ஒரு டேபிள்ஸ்பூன், அதே அளவு கொதிநீர், ஐந்து முதல் பத்து நிமிஷம். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்களுக்கு இது எரிச்சலை அதிகமாக்கும்.

லெமன் பாம்: எலுமிச்சை வாசனை அடிக்கும் இலை. இதன் தாவரப் பெயர் மெலிஸ்ஸா. கிரேக்க மொழியில் தேனீ என்று அர்த்தம். படபடப்புக்கு இதைக் குடிக்கிறார்கள். உலர்ந்த இலை இரண்டு டீஸ்பூன், பத்து நிமிஷம் மூடி வைத்தால் போதும். தூக்க மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மந்திரமா, மூலிகையா?

பலன் தருவது எது என்று கேட்கிறீர்களா? இரண்டு விஷயம். ஒன்று, இலையில் உள்ள சத்து. பெப்பர்மின்டில் உள்ள மென்தால் குடலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அது வலஞ்சுழியாகக் கலக்கினாலும் தளர்த்தும், கலக்காவிட்டாலும் தளர்த்தும். இன்னொன்று, அந்தப் பத்து நிமிஷம். யோசித்துப் பாருங்கள், காலை ஐந்து மணியிலிருந்து நமக்காக நாம் உட்கார்ந்து ஒரு வாய் சூடாகக் குடித்தது எப்போது? ஆறிப்போன காப்பியை நின்றபடியே விழுங்குகிறவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்! சூடான கோப்பை, நல்ல வாசனை, வாய்மூடிய பத்து நிமிஷம். மனசு லேசாவதற்கு வேறு மந்திரம் எதற்கு?

ஆனால் இதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும். இலையில் நஞ்சிருந்தால், எந்தப் பக்கம் கலக்கினாலும் அது நஞ்சுதான்.

இதற்கு அந்த நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1775 வாக்கில் வில்லியம் விதரிங் என்ற டாக்டருக்கு, ஷ்ராப்ஷயர்க் கிழவி ஒருத்தி நீர்க்கோவைக்குக் கொடுத்த வீட்டு மருந்து பற்றித் தெரியவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகை அதில். வேலை செய்வது அவற்றில் ஒன்றே ஒன்று, ஃபாக்ஸ்குளோவ் செடி, என்று கண்டுகொண்டார். பத்து வருஷம் நோயாளிகளைக் கவனித்து, அளவு பார்த்து எழுதி, 1785-ல் புத்தகமாகப் போட்டார். இதய நோய்க்கு இன்றும் கொடுக்கும் டிஜிடாலிஸ் வகை மருந்து அந்தச் செடியின் வம்சம்தான். கொஞ்சம் கூடினால் இதயத்தையே நிறுத்திவிடும் செடி அது! கிழவியின் கைமருந்தை அவர் ஏளனம் செய்யவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. நமக்கும் அதுதான் வழி.

இவை வேண்டவே வேண்டாம்

மூலிகை மந்திரப் புத்தகங்களில் அழகான பெயர்களோடு சில செடிகள் வரும். பெயரைக் கேட்டாலே ஒதுங்கிவிடுங்கள்.

பென்னிராயல்: புதினா போலவே இருக்கும், மணக்கும். பழங்காலத்தில் கருவைக் கலைக்கக் கொடுத்தது. 1978-ல் அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இதன் எண்ணெயைக் குடித்து, ஈரல் கெட்டு, சில நாட்களில் இறந்தாள்.

காம்ஃப்ரி: எலும்பு கூட்டும் இலை என்று புகழ்வார்கள். உள்ளுக்குச் சாப்பிட்டால் ஈரலைக் கெடுக்கும். 2001-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை உள்ளே சாப்பிடும் பண்டங்களை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. இன்னொரு கஷ்டம், பூக்காத ஃபாக்ஸ்குளோவ் இலை இதன் இலையைப் போலவே இருக்கும். காம்ஃப்ரி என்று பறித்து அதைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

மக்வொர்ட்: நல்ல கனவு வரும் என்று குடிப்பது. நம் மாசிபத்திரிக்கு உறவு. மாலையில் தொடுத்து மணத்தை அனுபவிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது.

சேஜ்: சமையலில் சிட்டிகை போடுவதால் தோஷமில்லை. ஆனால் பால் வற்றுவதற்கென்றே அந்தக் காலத்தில் கஷாயமாகக் குடித்தது. பால் கொடுக்கும் தாய் எதற்கு அதன் பக்கம் போக வேண்டும்?

கைக்குழந்தைக்கு?

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நாத்தனார் பெண்ணின் குழந்தை மூன்று மாதத்தில் இரவெல்லாம் வயிற்றுவலியால் கத்தியது. "உங்க மூலிகை டீயில ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று பக்கத்து வீட்டம்மாவையே கேட்டாளாம். அந்த "சூனியக்காரி" என்ன சொன்னார் தெரியுமா? "டீ உனக்கு. அதுவும் நீ பால் கொடுக்கிறவள், டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடி. குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது!" அதோடு நிற்காமல், அரை மணி நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவளைத் தூங்கச் சொன்னாராம். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். அமெரிக்காவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு வீட்டில் போட்ட புதினாக் கஷாயம் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது பென்னிராயல். ஒரு குழந்தை இறந்தது. 1996-ல் டாக்டர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2003-ல் அதே நாட்டில் அன்னாசிப்பூ டீ குடித்துச் சுமார் 40 பேர் நோய்ப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் வரை கைக்குழந்தைகள். சிலருக்கு வலிப்பே வந்தது. நாம் பிரியாணிக்குப் போடும் அதே அன்னாசிப்பூதான். அதே உருவத்தில் ஜப்பானில் விளையும் நச்சு வகை ஒன்று உண்டு. அது கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

நம் வீடுகளிலும் இதே ஆபத்து வேறு பெயரில் இருக்கிறது. ஓமத்தண்ணீர், உரைமருந்து, இரவில் பெயர் சொல்லவே கூடாதென்று "பேர் சொல்லா மருந்து" என்று அழைக்கும் வசம்பு... பெரியவர்கள் அன்போடு கொடுத்ததுதான், அன்பில் சந்தேகமில்லை. ஆனால் வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளுக்காக 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயது ஆகும்வரை தேனும் கூடாது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் வேண்டாம்னுட்டார் அத்தை" என்று பழியை அவர் தலையில் போட்டுவிடுங்கள்!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அவர்களுடைய பண்டிகையும் நம்பிக்கையும் அவர்களோடு இருக்கட்டும். நமக்கு நம் விளக்கும் கோலமும் இருக்கின்றன. ஆனால் இரண்டு பழக்கத்தை நாம் கடன் வாங்கலாம்.

ஒன்று, நோட்டுப் புத்தகம். எந்த இலை, எங்கே வாங்கியது, எத்தனை ஸ்பூன், யார் குடித்தார்கள், என்ன ஆயிற்று என்று எழுதி வையுங்கள். சுக்கு கஷாயமானாலும் சரி, சீமைச் சாமந்தியானாலும் சரி. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் கூடப் போகட்டும். "நான் சாப்பிடும் மாத்திரையோடு இது சேருமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் யார் எது கொடுத்தாலும், அது பக்கத்து வீட்டு மாமியே ஆனாலும், வாயில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, அந்தப் பத்து நிமிஷம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, குக்கரை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் சூடாக எதையாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சுக்குமல்லிக் காப்பியாகவே இருக்கட்டும். வலது பக்கம் கலக்கினாலும் சரி, இடது பக்கம் கலக்கினாலும் சரி... ஆற விடாமல் குடியுங்கள்!