வாஷிங் மெஷினுக்கு வெந்நீர் லைன்

அண்ணனூர் கார் ஷெட் பக்கம் பிளம்பிங் வேலைக்குப் போனால் வீட்டம்மாக்கள் கேட்பார்கள்: "அண்ணே, கீசர் தண்ணிய மெஷினுக்கு இழுத்துக் குடுங்களேன்."

முதலில் மெஷினின் பின்பக்கம் பார்ப்பேன். சிவப்பு, நீலம் என இரண்டு வாய் இருந்தால் சிவப்புக்கு வெந்நீர் லைன் போடலாம். ஒரே வாய் என்றால் அது பச்சைத் தண்ணீருக்கு. அதில் வெந்நீரைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் பெரும்பாலும் உள்ளேயே ஹீட்டரோடு வருகின்றன. பிறகு லைன் எதற்கு?

குழாய் சந்தன நிற சிபிவிசியாக இருக்கட்டும். 80 டிகிரி வரை தாங்கும். சாதா பிவிசி சூட்டில் இளகி, மூட்டில் கசியும். ஒட்டும் பசையும் சிபிவிசிக்கு உரியதே வேண்டும். முடிவில் முக்கால் இஞ்ச் திருகு டேப் வைத்து, துவைத்ததும் மூடிவிடுங்கள். கீசரை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 3 லிட்டர் கீசர் பற்றாது.

நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். சூடானால் அது சுண்ணாம்பாகப் படியும். ஹோஸைக் கழற்றினால் வாயில் சின்ன வலை தெரியும்; வெள்ளை பூத்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் மெஷின் நீடித்து உழைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் நல்லது. ரத்தக் கறைக்கு மட்டும் பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும்.