உஷார்! கண்ணாடி வாங்கப் போகிறீர்களா?

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போதுதான் நம் குடவாசல் பக்கத்தில் பலருக்கும் கண்ணாடி மாற்றும் யோசனை வரும். கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ பஸ் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள். எல்லாரும் ஃபிரேமைப் பார்த்துத்தான் கண்ணாடி வாங்குகிறோம். ஆபத்து இருப்பதோ லென்ஸில்! பொருந்தாத லென்ஸ் வெறும் தலைவலியோடு விடாது. வரப்பில் தடுக்கி விழவைத்து இடுப்பெலும்பை முறிக்கும். உள்ளுக்குள் வளரும் கண் நோயை மறைத்து வைக்கும்.

முதல் எச்சரிக்கை, 'இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை'. இயந்திரத்தில் முகவாயை வைத்ததும் வருகிற சீட்டு தோராயக் கணக்கு மட்டுமே. அதன்பிறகு சோதனை ஃபிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று உங்களைக் கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். சீட்டை வைத்தே கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை எகிறிக் கிடக்கும் நாளில் பார்த்த பவர், அது கட்டுக்குள் வந்ததும் பயன்படாது. சர்க்கரை சீரான பிறகே பவர் பாருங்கள். அப்படியே விழித்திரையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். "அறுபது வயசுல கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று திடீரென்று சொல்லும் பெரியவரைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது கண்புரை முற்றுவதன் அடையாளமாக இருக்கலாம். கண் நீர் அழுத்த நோயோ பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். எந்தக் கண்ணாடியும் அதைத் தடுக்காது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்த பிறகே கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்து, வெள்ளெழுத்துக்கு வாங்கும் பைஃபோக்கலும் புரோகிரசிவும். இவற்றின் கீழ்ப்பகுதி கிட்டத்தில் படிப்பதற்கானது. அதன் வழியே காலடியைப் பார்த்தால் தரை மங்கும், படியின் விளிம்பு தப்பும். வரப்பில் நடப்பவர்களும், நம் கோணேசுவரர் கோயில் போன்ற மாடக்கோயிலில் படி ஏறி இறங்குபவர்களும் கவனியுங்கள்! இப்படிப் பல பவர் கொண்ட கண்ணாடி அணியும் முதியவர்கள் தடுக்கி விழும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2002-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில், வெளியே அதிகம் நடமாடும் முதியவர்களுக்கு நடப்பதற்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி தனியாகக் கொடுத்தபோது விழுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் வீட்டோடு இருப்பவர்களுக்கு அதே மாற்றம் வெளியில் விழுவதைக் கூட்டியது. ஆகவே உங்கள் நடமாட்டத்தைச் சொல்லி முடிவு செய்யுங்கள். வயலுக்குப் போகிறவர் தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

படிக்கும் பவரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தூரப்பார்வையில் குறை இல்லாதவருக்கு +2.50 லென்ஸ் 40 செ.மீ. தூரத்தில் தெளிவு காட்டும், +1.50 சுமார் 66 செ.மீ.யில். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக்கு மெருகு போடுபவருக்கும், தையல் மெஷினில் குனிபவருக்கும், கணினிமுன் உட்காருபவருக்கும் ஒரே பவர் எப்படிப் பொருந்தும்? கண்ணுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். சரியான கண்ணாடி கூலியையே கூட்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்து வேலைக்கான கண்ணாடி கொடுத்தபோது, கண்ணாடி பெறாதவர்களைவிடக் கொழுந்து பறிப்பு ஏறக்குறைய 22 சதவீதம் அதிகம் உயர்ந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பஸ் நிலையத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் கிடையாது. இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருப்பவருக்கு அது அவசரத்துக்கு உதவும். மற்றவர்களுக்கு உதவாது.

நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் என்று கூடுதல் காசு கேட்பார்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வந்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அந்த லென்ஸ் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. இங்கிலாந்தில் புளூ லென்ஸ் விளம்பரத்துக்காக பூட்ஸ் ஆப்டிஷியன்ஸ் நிறுவனத்துக்கு 2017-ல் 40,000 பவுண்டு அபராதமே விதித்தார்கள். புளூ கட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பிள்ளைகளுக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் வாங்குங்கள். பந்து பட்டாலும் எளிதில் சிதறாது. புற ஊதாக் கதிரையும் தடுக்கும்.

கூலிங் கிளாஸ் கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும். 'யு.வி. 400' உண்டா என்று கேளுங்கள். கடையிலுள்ள கருவியில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி நம் டெல்டா வயல்களிலும் உள்ள ஓர் ஆபத்து. கதிர் அடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் பறக்கும் சுணை கருவிழியைக் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சை இறங்கிப் புண்ணாகலாம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. களத்துக்கு இறங்குமுன் பக்கங்களையும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பவர் கண்ணாடி அணிபவர்கள் அதன்மேலேயே மாட்டும் வகையை வாங்கலாம். தப்பித்தவறி சுணை பட்டுவிட்டால் கசக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை வேகமாகப் பரப்பி, கண்ணையே பறித்துவிடும்! அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கடைசியாக, பணம் எண்ணிக் கொடுக்கும் நேரம். புதுக் கண்ணாடியைப் பவர் அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து, மருத்துவர் எழுதிய பவரோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். 4 பவர் லென்ஸில் மையம் 5 மி.மீ. நகர்ந்தாலே பார்வை இழுபட்டுத் தலை வலிக்கும். புரோகிரசிவ் என்றால் லென்ஸில் பொறித்திருக்கும் நுண்ணிய குறியை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். பவர், லென்ஸ் வகை, பூச்சு, உத்தரவாதம் எல்லாம் எழுதிய பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். பில் தர மறுக்கும் கடையில், எத்தனை சதவீதம் தள்ளுபடி என்றாலும், கண்ணாடி வாங்காதீர்கள்!