செவ்வாயின் நீர்த்தடம்: ஜிப்சம்

செவ்வாய்க் கோளில் முற்காலத்தில் நீர் இருந்தது என்பதற்கு வலுவான சான்றுகளுள் ஒன்று ஜிப்சம். 2011-இல் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, எண்டெவர் பள்ளத்தின் விளிம்பில் கட்டைவிரல் அகலமும் சுமார் 45 செ.மீ. நீளமும் கொண்ட வெளிர்நிறக் கோடு ஒன்றைக் கண்டது. ஹோம்ஸ்டேக் எனப் பெயரிடப்பட்ட அதில் கால்சியமும் கந்தகமும் இருந்தன; அது பெரும்பாலும் ஜிப்சமே.

இதைப் போன்றதை நம் பகுதியிலும் காணலாம். திருமானூருக்கு வடமேற்கே, பெரம்பலூர் மாவட்டக் காரையில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணின் வெடிப்புகளில் ஜிப்சம் பளபளக்கிறது. கால்சியமும் சல்ஃபேட்டும் கரைந்த நீர் வெடிப்புக்குள் ஊறினால்தான் இது படியும். ஆனால் காரையில் கடல் இருந்ததைக் காட்டுபவை அங்குள்ள அம்மோனைட்டு, பெலம்னைட்டு புதைபடிவங்களே. ஹோம்ஸ்டேக்கில் அத்தகைய சான்று இல்லை. பாறை வெடிப்புகளில் நீர் ஓடியது என்ற அளவிலேயே அதைக் கொள்ள வேண்டும்.