இரும்பு உண்டு, ரத்தம் இல்லை!

“பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!” நூம்பலானாலும் நெல்லையானாலும், தெருவில் இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். நம் உடம்புக்குள்ளும் ஒரு பழைய இரும்பு வியாபாரம் நடக்கிறது!

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடாகிப்போன அணுக்களை மண்ணீரல் உடைக்கிறது. அவற்றில் உள்ள இரும்பு, எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. அங்கே புது அணுக்கள் உண்டாகின்றன. இப்படித் தினமும் 20 முதல் 25 மில்லி கிராம் இரும்பு திரும்பக் கிடைக்கிறது. சாப்பாட்டில் இருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ, 1 அல்லது 2 மில்லி கிராம்தான்!

கிடங்குக்குப் பூட்டு

மூட்டுவாதம், காசநோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை நீடித்தால் இந்த வியாபாரம் கெடுகிறது. ‘ஹெப்சிடின்’ என்ற பொருள் ரத்தத்தில் அதிகமாகிறது. கல்லீரலில் சுரக்கும் இது, இரும்புக் கிடங்கைப் பூட்டிவிடுகிறது. கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடம்பு வைத்திருக்கும் தந்திரம் இது. ஆனால் பூட்டு திறக்காவிட்டால்? இரும்பு இருந்தும் ரத்தம் ஊறாது. முகம் வெளுக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். கீரையும் இரும்பு மாத்திரையும் மட்டும் போதாமல் போகலாம்.

2,550 லிட்டர் சிறுநீர்!

“புது அணுக்களை உண்டாக்கு” என்று மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது ‘எரித்ரோபாய்டின்’ என்ற ஹார்மோன். இது சிறுநீரகத்தில் சுரக்கிறது.

இதைத் தனியே பிரிக்க, சிக்காகோ விஞ்ஞானி கோல்ட்வாசர் 20 ஆண்டுக்கு மேல் பாடுபட்டார். ஜப்பானில் குமமோட்டோ நகரைச் சேர்ந்த மியாகே, கடுமையான ரத்த சோகை நோயாளிகளின் சிறுநீரைச் சேர்த்தார். 2,550 லிட்டர்! அதைக் காயவைத்துப் பொட்டலமாக 1975-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். 1977-ல் வெற்றி! கிடைத்த சுத்தமான ஹார்மோன் ஒரு சிட்டிகைகூட இல்லை.

1983-ல் இதன் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தேவையான அளவு தயாரிக்க வழி பிறந்தது. 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. மஜ்ஜை சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது ஹெப்சிடின் குறையும்; பூட்டும் தளரும்.

உஷார்!

இந்த ஊசி எல்லோருக்கும் ஏற்றதல்ல. அளவு மிஞ்சினால் ரத்த அழுத்தம் ஏறலாம். ரத்தம் உறைந்து பக்கவாதமும் வரலாம். அடிப்படை நோயைத் தீர்ப்பதுதான் முதல் வைத்தியம்.

வீட்டில் யாராவது நெடுநாள் நோயில் இருக்கிறார்களா? டானிக் சாப்பிட்டும் சோகை தீரவில்லையா? இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபினோடு ‘பெரிட்டின்’ என்ற சோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். கிடங்கில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை அறிய அது உதவும்.