இணையமும் அதன் சொற்களும்

‘நெட் வரவில்லை’ என்னும் தொடரை நாம் நாள்தோறும் கேட்கிறோம், நாமும் சொல்கிறோம். தேர்வு முடிவைக் காண அமர்ந்த மாணவன் அதைச் சொல்கிறான். கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில் முயலும் மாணவி அதைச் சொல்லிக் கலங்குகிறாள். ஆயினும், வராமல் நின்றது யாது என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இணைப்பு அறுந்ததா? முகவரி கிடைக்கவில்லையா? பெயர் விளங்கவில்லையா? அப்பாலுள்ள கணினி மறுமொழி தரவில்லையா? இவை நான்கும் வெவ்வேறு குறைகள். நோயின் பெயரை அறிந்தாலன்றோ மருந்தைத் தேட இயலும்? ஆகவே, இணையத்தைப் பற்றி வழங்கும் சொற்களுள் இன்றியமையாத சிலவற்றின் பொருளை இன்று காண்போம்.

முதலில் ‘இணையம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உள்ள 20 கணினிகளைக் கம்பியாலோ வானொலி அலையாலோ பிணைத்தால் அஃது ஒரு வலையமைப்பு. வங்கிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, தொலைபேசி நிறுவனத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைந்த பல்லாயிரம் வலையமைப்புகளை இணைத்தமையால் உண்டானதே இணையம். ‘இன்டர்நெட்’ என்னும் ஆங்கிலப் பெயரும் வலையமைப்புகளை இணைப்பது என்றே பொருள்படும். முழுவதற்கும் உரிய உரிமையாளர் என ஒருவர் அதற்கு இல்லை. செய்திகள் யாவும் கடந்து செல்ல வேண்டிய தலைமை நிலையமும் இல்லை. அப்படியாயின் இத்தனை வலையமைப்புகளும் ஒழுங்காகப் பேசிக்கொள்வது எங்ஙனம்? உடன்பாட்டினால் என்பதே விடை. இணையத்தின் கலைச்சொற்களுட் பல இவ்வுடன்பாட்டின் பகுதிகளுக்கு இட்ட பெயர்களே.

உடன்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு முதல் நாளே சான்று தந்தது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு 10.30 மணி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர் கணினியின் முன் அமர்ந்தார். ஏறத்தாழ 350 மைல் வடக்கே, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பில் டுவால் என்பவர் காத்திருந்தார். ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்புவதே முயற்சி. ‘எல்’ போயிற்று, ‘ஓ’வும் போயிற்று. அடுத்த எழுத்தில் அப்பாலிருந்த கணினி செயலிழந்தது. கம்பி பழுதின்றியே இருந்தது. வரும் எழுத்துகளை ஏந்திக்கொள்ள அக்கணினியில் ஒதுக்கிய இடம் பழைய கருவிகளின் மெதுவான நடைக்கு அளவெடுத்தது. புதிய இணைப்பின் வேகத்தில் அது நிரம்பி வழிந்தது என்று டுவால் பின்னாளில் விளக்கினார். அவ்விடத்தைப் பெரிதாக்கிய பின், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முழுச் சொல்லும் சென்று சேர்ந்தது. ‘அர்ப்பாநெட்’ என்னும் அந்த வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடி. பேசுவோனும் கேட்போனும் அளவிலும் முறையிலும் ஒத்துப்போகாவிடில் நல்ல கம்பியும் பயன்படாது என்பதை அவ்விரவு காட்டிற்று.

இனி இரண்டாவது சொல்: பொதி. ஆங்கிலத்தில் ‘பாக்கெட்’ என்பர். பழைய தொலைபேசியில் இருவர் பேசும்பொழுது, இங்கிருந்து அங்குவரை ஒரு வழி அவ்விருவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாது இருக்கும் கணத்திலும் அவ்வழியைப் பிறர் பயன்படுத்த இயலாது. கணினிகள் இடைவிட்டு இடைவிட்டுப் பேசுவன. அவற்றுக்கு இம்முறை வீண் செலவு. எனவே செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பும் முறையை 1960களில் இருவர் ஒருவரையொருவர் அறியாமலே கண்டனர். ஒருவர் அமெரிக்கரான பால் பேரன். மற்றவர் இங்கிலாந்தின் டொனால்டு டேவிஸ். ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் டேவிஸ். பிற மொழிகளிலும் எளிதாகப் பெயர்க்கத்தக்க சொல்லாக அது இருக்க வேண்டும் எனக் கருதி, மொழியியல் அறிஞர் ஒருவரிடம் கேட்டு அச்சொல்லைத் தேர்ந்தாராம். நாம் பொதி என்று தயக்கமின்றிச் சொல்வதற்கு அவருடைய முன்யோசனையும் துணைபுரிகிறது.

பொதியின் இயல்பை நம் ஏட்டுச்சுவடி கொண்டு அறியலாம். 100 ஓலைகள் கொண்ட சுவடி ஒன்றை மதுரையிலிருந்து தஞ்சைக்கு அனுப்ப வேண்டும் என வைத்துக்கொள்வோம். கட்டை அவிழ்த்து, ஒவ்வோர் ஓலையிலும் அதன் எண்ணையும், அனுப்புவோர், பெறுவோர் இருப்பிடங்களையும் குறித்து, கிடைத்த வழிப்போக்கரிடமெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்புகிறோம். 40ஆம் ஓலை 12ஆம் ஓலைக்கு முன்பே போய்ச் சேரலாம். கேடில்லை, எண் இருப்பதால் தஞ்சையில் வரிசைப்படுத்திக் கட்டிக்கொள்வர். 57ஆம் ஓலை வராவிடில் அதை மட்டும் மீண்டும் வேண்டிப் பெறலாம். இணையத்தில் நீங்கள் காணும் படமும் கேட்கும் பாட்டும் இவ்வாறே துண்டாகி வந்து ஒன்றாகின்றன. ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைட்டு அளவைக் கடப்பதில்லை.

அவ்வழிப்போக்கருக்குச் சந்திதோறும் நின்று வழிகாட்டுவது யார்? அதுவே திசைவி, ‘ரௌட்டர்’ என்று வழங்குவதும் இதையே. முழுப் பாதையையும் எந்தத் திசைவியும் அறியாது. பொதியின் மேலுள்ள முகவரியைப் பார்த்து, ‘அடுத்து இப்பக்கம் செல்க’ என்று மட்டும் அது காட்டும். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் திருப்பும். வழி தவறிய பொதி என்றென்றும் சுற்றித் திரியாதிருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. பொதியின் மேல் 64 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். கடக்கும் திசைவி ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் குறைக்கும். அது சுழியம் ஆகிவிடின் பொதி கைவிடப்படும்.

திசைவி படிக்கும் முகவரி எண்ணால் ஆனது. ‘ஐ.பி. முகவரி’ என்பது அதுவே. நெடுங்காலமாக வழங்கும் நான்காம் பதிப்பில் அதற்கு 32 இருமை இலக்கங்கள். அவற்றால் ஆகக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. வகுத்த காலத்தில் அது கடல்போல் தோன்றிற்று. ஆனால் ஒருவரிடமே தொலைபேசியும் கணினியும் தொலைக்காட்சியும் இணையத்தில் சேர்ந்த பின்னர் அது போதவில்லை. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. ஆறாம் பதிப்பில் 128 இலக்கங்கள். அதனால் ஆகும் முகவரிகளின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வேண்டும். இன்று இரு பதிப்புகளும் அருகருகே இயங்குகின்றன.

இவை எல்லாவற்றையும் கட்டி ஆள்வது நெறிமுறை. ஆங்கிலத்தில் ‘புரோட்டோகால்’ என்பர். கிரேக்கத்தில் பாப்பிரஸ் சுருளின் முதலில் ஒட்டப்படும் ஏட்டைக் குறித்த சொல், பின்னர் அரசுகளின் தூதர்கள் ஒழுகும் முறையைக் குறித்தது. 1960களில் கணினிகளின் ஒழுகலாற்றுக்கும் பெயராயிற்று. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்தோர் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர். அவர்களது கட்டுரை 1974இல் வெளிவந்தது. அது பின்னர் இரண்டாகப் பிரிந்தது. பொதியைக் கொண்டுசெலுத்தும் ‘ஐ.பி.’ யாதோர் உறுதியும் தருவதில்லை; இயன்றவரை முயலும், அவ்வளவே. வந்ததற்கு ஒப்புகை கூறுதல், வராததை மீண்டும் அனுப்புதல், வரிசை செய்தல் ஆகிய பொறுப்பெல்லாம் இரு முனைகளிலும் இயங்கும் ‘டி.சி.பி.’யினுடையது. 1983 ஜனவரி 1ஆம் நாள் அர்ப்பாநெட் முழுதும் இம்முறைக்கு மாறிற்று.

கணினிக்கு எண் இனிது. மனிதனுக்குப் பெயர் இனிது. தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் கொண்ட ஒரே பட்டியலை ஓரிடத்தில் வைத்துக் காத்தனர். பட்டியல் வளர்ந்து சுமையாகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை வகுத்தார். ‘நூலகம்.பள்ளி.இந்தியா’ என்று ஒரு பெயர் இருப்பதாகக் கொள்வோம். ‘இந்தியா’ என்பதற்குரிய பெயரேட்டை முதலில் கேட்க வேண்டும். அது ‘பள்ளி’யின் ஏட்டைக் காட்டும், அவ்வேடு ‘நூலக’த்தின் எண்ணைத் தரும். பெயர்களுக்கு முதலில் உடன்பட்டவை 26 ரோமன் எழுத்துகளும், 10 இலக்கங்களும், ஓர் இடைக்கோடுமே. ஆனாலும் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் தமிழ் முடிவுகள் உலக ஏட்டில் ஏறின. நாம் தமிழில் எழுதும் பெயரை நம் கணினியே ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றிக் கேட்கிறது. பழைய உடன்பாடு முறியவில்லை. அதன்மேல் புதியதொன்று அமைந்தது.

இணையத்தையும் வலையையும் ஒன்றென மயங்குவோர் பலர். இணையம் சாலை, உலகளாவிய வலை அதில் ஓடும் வண்டிகளுள் ஒன்று, மின்னஞ்சல் வேறொன்று. ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலைக்கான கருத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் அதை யாவர்க்கும் விலையின்றித் திறந்துவிட்டது. வலைப்பக்கங்களை வைத்துக் காத்து, கேட்போர்க்கு அளிக்கும் கணினியே ‘வழங்கி’ அல்லது சர்வர்.

இனி, ‘நெட் வரவில்லை’ என்று சொல்லுமுன் சற்று நின்று நோக்குங்கள். வீட்டுத் திசைவி இணைப்பு அறுந்ததைக் காட்டுகிறதா? உங்கள் கருவிக்கு எண் முகவரி கிடைத்துள்ளதா? எப்பெயரைக் கேட்டாலும் ‘காணவில்லை’ என்ற விடையே வருகிறதா? அது பெயரேட்டின் குறையாகலாம். பிற தளங்கள் திறந்து ஒன்று மட்டும் திறக்கவில்லையா? அப்பாலுள்ள வழங்கியை ஐயுறுக. கலங்கி நின்ற அம்மாணவிக்கு இவ்வறிவு ஒரு மணி நேரத்தை மீட்டுத் தரக்கூடும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இவ்வுடன்பாடுகளை எழுதத் தொடங்கியோருள் மாணவர்கள் பலர். 1969 ஏப்ரல் 7ஆம் நாள் முதற் குறிப்பை எழுதிய ஸ்டீவ் குரோக்கர் அப்பொழுது பட்டமேற்படிப்பு மாணவர். விதி வகுக்கும் அதிகாரம் தமக்கு உண்டோ என்ற தயக்கத்தால், ‘கருத்துரை வேண்டுதல்’ என்று அதற்குப் பணிவான பெயரிட்டார். அப்பெயரிலேயே இன்றுவரை 9000க்கும் மேற்பட்ட குறிப்புகள் வெளிவந்துள்ளன. அவற்றை எவரும் விலையின்றிப் படிக்கலாம். குறை கண்டால் எழுதலாம். கருத்துரை வேண்டும் அவ்வழைப்பு உங்களுக்கும் உரியது.